மூன்று விரற்கடை

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

தம்பி நம்மை விட்டுப் பிரிந்து இந்த வைகாசியோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து டைரி எழுதுகிறவள், எனக்குத்தான் எல்லாம் வரிசையாக நினைவிருக்கும் என்றார்கள். வரிசை நினைவில் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த ஓராண்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் நான் அவரை ஒருநாளும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. "டேய்" என்பதுதான் வழக்கம். மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

தம்பி மன்னார்குடிக்கு மேற்கே எங்கள் சிற்றூரில், தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்த மாசி மாதத்தில் பிறந்தார். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்தவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போவார். எனக்கும் தம்பிக்கும் எட்டு வயது இடைவெளி. படிப்பில் அவர் முதல் மாணவர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது உண்மையல்ல. நடுத்தரமாகப் படித்தார். எதையும் இரண்டு தடவை படித்தால்தான் அவருக்கு ஏறும். ஏறியது பிறகு இறங்காது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போகும் எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த ஆண்டு குறுவைச் சாகுபடி நடக்கவில்லை, சம்பாவும் பாதிதான் தேறியது. பாலிடெக்னிக்கில் மூன்றே ஆண்டில் படிப்பு முடிந்துவிடும், உடனே வேலைக்குப் போகலாம் என்று அப்பா சொன்னார். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. சிவில் பிரிவில் டிப்ளமோ முடித்தார். அதற்குத்தான் டி.சி.இ. என்று பெயர்.

டிப்ளமோ முடித்தவர்கள் ஓராண்டு அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். தஞ்சாவூரில், ஆறு வாய்க்கால்களில் மதகும் சிறு பாலமும் கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தம்பி சேர்ந்தார். முதல் சில மாதங்கள் மட்டம் பார்க்கும் கருவிக்கு எதிரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கருவியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டு முடிந்தபோது ஒப்பந்தக்காரர் அவரை அனுப்பவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக பி.இ. படிக்கலாம் என்று அவர் விசாரித்து வந்தார். டிப்ளமோ முடித்து, கட்டுமான வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தப் படிப்பு. பகலில் வேலை, மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு. வேலை பார்ப்பதாக முதலாளி சான்று தர வேண்டும். வேலையை விட்டால் படிப்பும் போய்விடும். படிப்பை முடிக்காவிட்டால் அதே வேலையில் மேலே போக முடியாது. மேற்பார்வையாளராகவே இருந்துவிட வேண்டியதுதான், தன் வேலைக்குத் தானே பொறியாளராகக் கையெழுத்துப் போட முடியாது. தம்பிக்கு அந்தக் கையெழுத்தின் மேல்தான் ஆசை. வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த வகுப்பில்தான் முத்துப்பேட்டையைச் சேர்ந்த ஜாபர் அவருக்கு நண்பரானார். இருவரும் கடைசி பெஞ்சில் உட்காருவார்களாம். ஒருவர் தூங்கினால் மற்றவர் குறிப்பெடுப்பது என்று ஒப்பந்தம். இருவரும் ஒன்றாகத் தூங்கிய நாள்களும் உண்டு என்று ஜாபர் சொல்வார்.

தம்பி ஊரிலிருந்து பேருந்தில்தான் போய் வந்தார். வகுப்பு முடிந்து மன்னார்குடி வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார். எங்கள் ஊர் நிறுத்தம் போய்விடும், மன்னார்குடி பேருந்து நிலையத்தில்தான் விழிப்பார். கொஞ்ச நாளில் நடத்துநர் ஒருவர் அவரைத் தெரிந்துகொண்டு நிறுத்தத்துக்கு முன்பே தோளைத் தட்டி எழுப்ப ஆரம்பித்தார். "இன்ஜினியரே, ஊரு வந்துடுச்சு, பாலத்த நாளைக்குக் கட்டிக்கலாம்" என்பாராம். அவர் விடுப்பில் இருக்கும் நாள்களில் தம்பி மன்னார்குடி போய்விட்டுத்தான் வருவார். அம்மா சோற்றை எடுத்து வைத்துக் காத்திருந்து அலுத்துப்போய், "அந்த நடத்துநர் இன்னைக்கி லீவு போல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், வெளியூர் நண்பர்களுக்காக ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. தை முடியும்போது ஆறுகளில் தண்ணீரை நிறுத்துவார்கள். மறுபடி ஆனியில்தான் திறப்பார்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் அந்த இடைவெளியில்தான் மதகு வேலை, பாலம் வேலை, தூர் வாரும் வேலை எல்லாம் நடந்தாக வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் பாதி வேலையில் நிற்கும் மதகு இருப்பதைவிட இல்லாதது மேல். சித்திரையும் வைகாசியும் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத மாதங்கள். பல்கலைக்கழகத்தின் கோடைத் தேர்வும் சரியாக அந்த மாதங்களில்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக்கும் தண்ணீருக்கும் நடுவில் தம்பி ஓடிக்கொண்டே இருந்தார். தேர்வுக்கு முதல் நாள் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்து தங்குவார். சிமெண்ட் படிந்த கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை விரிப்பார். அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் தலை சாய்ந்துவிடும்.

அப்படியும் ஒவ்வொரு பாடமாகத் தேறிக்கொண்டு வந்தார். சிலவற்றை இரண்டாம் முறை எழுதினார். கடைசி ஆண்டில் கோடைத் தேர்வு முடிந்தால் படிப்பு முடிந்தது என்ற நிலை வந்தது. கடைசித் தாள் நீர்ப்பாசனப் பொறியியல். அந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்துக்குக் கோடையில் மட்டுமே தேர்வு நடக்கும்.

அந்தக் கோடையில் அவருக்கு வேலை, புது ஆறு என்னும் கால்வாயிலிருந்து பிரிந்து பட்டுக்கோட்டைப் பக்கம் போகும் ஒரு கிளை வாய்க்காலில். அதன் கடைமடைக்கு, கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் பகுதிக்கு, தண்ணீர் பிரிக்கும் மதகைப் புதிதாகக் கட்டினார்கள். மதகின் தளம் எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்பதை அருகில் இருந்த சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்து குறிப்பது வழக்கம். சுவரின் மேற்பரப்புதான் அங்கே மட்டத்துக்கு ஆதாரம். அதைக் காட்டச் சுவரின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்பு போட்டிருப்பார்கள். முந்தைய ஆண்டும் தம்பி அதை வைத்துத்தான் அளந்திருந்தார்.

ஒரு தேர்வை எழுதிவிட்டு நேரே வேலைக்குப் போன நாளில் அவர் மட்டம் வைத்தார். தளமும் பக்கச் சுவர்களும் கான்கிரீட் போட்டு முடிந்தன. கடைசித் தேர்வுக்கு முதல் நாள் மதியம், கிடைத்த கொஞ்ச நேரத்தில் படிக்கலாம் என்று அந்தப் பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் போய் உட்கார்ந்தார். வழவழவென்று குளிர்ச்சியாக இருந்ததாம். எழுந்து பார்த்தால் கடப்பாக் கல். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர், இறந்துபோன தன் தகப்பனார் நினைவாக, ஊரார் உட்காருவதற்குச் சுவரின் நீளத்துக்கும் கல் பதித்துக் கொடுத்திருந்தார். தகப்பனார் பெயரும், உபயம் என்று மகன் பெயரும், ஆண்டும் வெட்டியிருந்தன. வெட்டியிருந்தது நடப்பு ஆண்டு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது சிவப்பு அம்பின் நுனி கல்லுக்கடியில் வழிந்திருந்த சிமெண்டுக்குள் மறைந்திருந்தது.

கல்லும் அதன் அடியில் பூசிய சிமெண்டும் சேர்ந்து மூன்று விரற்கடை கனம், மூன்று விரலைச் சேர்த்துவைத்த அகலம். ஆதாரமே அவ்வளவு உயர்ந்துவிட்டால் அதிலிருந்து அளந்த மதகின் தளமும் அவ்வளவு உயர்ந்திருக்கும். தம்பி வேறொரு பாலத்திலிருந்து மறுபடி அளந்து பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை.

மலைப் பகுதிகளில் மூன்று விரற்கடை பெரிதில்லை. நம் ஊர் தாம்பாளத் தட்டுப்போல் இருப்பது. இங்கே தண்ணீர் ஓடுவதே விரற்கடைக் கணக்கில்தான். தளம் உயர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. ஏறினாலும் மேலே உள்ளவர்கள் எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் ஏறும்.

ஒப்பந்தக்காரரிடம் போய்த் தன் தவறு என்று சொன்னார். அந்தப் பேச்சைத் தம்பியும் எனக்குச் சொன்னார், ஒப்பந்தக்காரரும் கருமாதியன்று சொன்னார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"மூணு விரக்கடதானப்பா. யாரு வந்து அளக்கப் போறா? நீ போயி பரிச்சைய எழுது."

"தண்ணி அளக்கும்ங்க."

ஒப்பந்தக்காரர், "இடிக்கிறதுன்னா நாளைக்கே இடிக்கணும். நாளன்னைக்கி ஆளுங்க பேராவூரணி வேலைக்குப் போயிடுவாங்க. திருப்பி மட்டம் வைக்க உன்ன விட்டா எனக்கு ஆளு இல்ல. பரிச்சையா இதுவான்னு நீயே பாத்துக்க" என்றார். அவர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. புதுக் கான்கிரீட் இறுகிப் பதப்பட நாள் வேண்டும். தண்ணீர் திறக்கும் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

அன்று மாலை தம்பி எனக்குப் போன் செய்தார். இரவு சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று தொடங்கினார். தேர்வை எழுதிவிட்டு வந்து இடிக்கக் கூடாதா என்று கேட்டேன். ஆள் இல்லை என்றார்.

"இத்தன வருசம் படிச்சது எதுக்குடா?"

"அடுத்த வருசம் எழுதிக்கிறேன்க்கா. பரிச்ச எங்கயும் போயிடாது. அந்தத் தளம் ராத்திரிக்கு ராத்திரி இறுகிக்கிட்டே இருக்கு."

மறுநாள் தேர்வு நேரத்தில் அவர் மதகருகே நின்று தான் கட்டியதை இடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கடைமடை ஊரிலிருந்து ஓர் அம்மா வந்து நின்றாராம். மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர்.

"என்ன தம்பி, கட்டுறதும் நீங்க, இடிக்கிறதும் நீங்க. இதுக்கு ஒரு பில்லு, அதுக்கு ஒரு பில்லா?"

தம்பி விளக்கினார். மட்டம் உயர்ந்துவிட்டது, தவறு தன்னுடையது, இப்படியே விட்டால் உங்கள் பக்கம் தண்ணீர் ஏறாது என்றார். அந்த அம்மா இடிந்த சுவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க பக்கம் தண்ணி வராததுக்கு இதுவரைக்கும் மேல உள்ளவனச் சொல்லுவாங்க, மழயச் சொல்லுவாங்க. என் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இடிங்க, நல்லா இடிங்க."

சொல்லிவிட்டுப் போகவில்லை. வேலை முடியும்வரை அந்தக் கடப்பாக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒரு தூக்கு மோரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு ஆனியில் தண்ணீர் வந்தபோது தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்த மதகருகே நின்றுவிட்டு வந்தார். எப்படிப் போனது என்று கேட்டேன். "போவுதுக்கா" என்றார்.

அடுத்த ஆண்டு அந்தத் தேர்வை எழுதப் போனார். முதல் நாள் பகலும் இரவும் ஒரு பாலத்துக்குத் தொடர்ந்து கான்கிரீட் போட்டுவிட்டு அப்படியே தேர்வு அறைக்குள் போயிருக்கிறார். இரண்டு கேள்விக்கு விடை எழுதிவிட்டுத் தூங்கிவிட்டார். கண்காணிப்பாளர் தொட்டு எழுப்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார், வெளிச்சமா இருந்துச்சு, கண்ண மூடிக்கிட்டேன்" என்றாராம். நேரம் முடிந்திருந்தது. ஜாபர் அந்த ஆண்டே பட்டம் வாங்கிவிட்டார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர் சிரிப்பார். தம்பியும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதற்கடுத்த கோடையில் அப்பாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனைக்கும் வேலைக்கும் இடையே தேர்வு போயிற்று. அதன் பிறகு வந்த பெரும் புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்தது. உடைந்த பாலங்களையும் மதகுகளையும் சரிசெய்வதிலேயே அவருக்கு அதற்கடுத்த இரண்டு கோடைகளும் கழிந்தன. பகுதி நேரப் படிப்பை முடிக்கக் காலவரம்பு உண்டு. அது எப்போது கடந்தது என்று கவனிக்கக்கூட எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை.

இதற்கு நடுவில் அவர் திருமணம் நடந்தது. பெண் கும்பகோணம். அழைப்பிதழ் அடிக்கும்போது பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போடச் சொன்னார் எங்கள் தாய்மாமா. பெண் வீட்டில் பெண் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போடுகிறார்கள், நம் பக்கம் குறைவாக இருக்கக் கூடாது என்பது அவர் கவலை.

"ஒரு பேப்பருதானடா பாக்கி. பத்திரிக வச்சு முடிக்கறதுக்குள்ள பாஸ் பண்ணிடப் போற."

"பாஸ் பண்ணுனதும் புள்ள காதுகுத்துப் பத்திரிகைல போட்டுக்கலாம் மாமா."

டி.சி.இ. என்றே அச்சானது. பெண் வீட்டார் சிலர் அது என்ன படிப்பு என்று கேட்டார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் விளக்கிக் களைத்துப்போனார். மகள் பிறந்து, காதுகுத்துக்கும் அழைப்பிதழ் அடித்தோம். அதிலும் டி.சி.இ. தான். மாமா அந்த அழைப்பிதழை வாங்கிப் பார்த்துவிட்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தம்பி தன் வேலையில் யாரோடும் சண்டை போட்டு நான் அறியேன். தன்னிடம் வரும் புது அப்ரண்டிஸ்களை முதல் நாளே பாலத்துக் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். கல் பதித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாதாம், கையால் பார்க்க வேண்டுமாம். வரைபடத்தின் கீழே பொறியாளர் என்ற இடத்தில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார். தம்பி பக்கத்தில் நின்று பேனாவை எடுத்துக் கொடுப்பார்.

ரத்தக் கொதிப்பு இருந்தது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. தலைவலி, களைப்பு என்பார். களைப்பு அவருக்குப் புதிதல்ல என்பதால் நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் வீங்கிய பிறகு தஞ்சாவூரில் பரிசோதித்தபோது சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்றார்கள். வாரம் மும்முறை டயாலிசிஸ். மறுபடியும் பேருந்து, மறுபடியும் தூக்கம். இந்த முறை எழுப்பி இறக்கப் பக்கத்தில் தம்பி மனைவி இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவர்களுக்குக் கடைசி முறையாக ஒரு சிறப்பு வாய்ப்பு தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஜாபர்தான் வந்து சொன்னார். காலவரம்பு கடந்தவர்களும் எழுதலாம். இனி இப்படி ஒரு வாய்ப்பு கிடையாது. இந்த உடம்போடு எதற்கு என்று நான் சொன்னேன். தம்பி மனைவி மறுநாள் டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது பையில் அந்தப் பழைய நீர்ப்பாசனப் புத்தகத்தையும் எடுத்து வைத்திருந்தார். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும். மற்றொரு கையால் தம்பி புத்தகத்தைப் பிடித்திருப்பார். பக்கம் திருப்புவது அவர் மனைவி.

தேர்வு கார்த்திகையில் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வேலை எதுவும் இல்லை. அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகத் தேர்வும் தண்ணீரும் மோதிக்கொள்ளவில்லை. ஆனால் அது டயாலிசிஸ் நாள். மருத்துவமனையில் சிஸ்டர் ஒருவர் வேறு நோயாளி ஒருவரிடம் பேசி, தம்பியின் முறையை ஒருநாள் முன்னே மாற்றிக் கொடுத்தார். ஜாபர் காரில் அழைத்துப் போனார். நானும் தம்பி மனைவியும் கல்லூரி வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்த பிறகு தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். கல்லூரிப் பையன்கள் வழிவிட்டார்கள், ஏதோ மாணவரின் தகப்பனார் என்று நினைத்திருப்பார்கள்.

"மூணு மணி நேரமும் முழிச்சிருந்தேன்க்கா" என்றார்.

அன்று ஜாபர் வாங்கித் தந்த காபியை எல்லோரும் சிரித்துக்கொண்டே குடித்தோம். நானும் சிரித்தேன். தம்பிக்கு மட்டும் அரை டம்ளர், அவருக்குத் தண்ணீரே அளவுதான்.

முடிவு தை மாதம் வந்தது. தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைவு. ஜாபர்தான் கைப்பேசியில் பார்த்தார். பார்த்தவர் வெகுநேரம் திரையையே தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்று வேகமாகப் பேச ஆரம்பித்தார்.

"மூணு மார்க்குடா. திருத்துனவன் கொஞ்சம் கண்ணத் தொறந்து பாத்தா வந்துடும்."

"மூணு விரக்கடைக்குச் சுவத்த இடிச்சவன்டா நானு."

"அது வேற, இது வேற."

"அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியலடா. தெரிஞ்சு விட்டிருந்தா நானே போயி சண்ட போடுவேன். தெரியாததுக்கு எப்பிடி மார்க்கு வரும்?"

தம்பி மனைவி கட்டிலின் மேல் கிடந்த புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். "இனிமே நிம்மதியாத் தூங்குங்க. யாரும் எழுப்ப மாட்டோம்" என்றார். அதைக் கோபமாகத்தான் சொன்னார். தம்பி சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று அவர் தூங்கிய மாதிரி பல ஆண்டுகளாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பின் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. மருத்துவமனை, வீடு, மருத்துவமனை. பங்குனியில் மூச்சுத் திணறல் வந்தது. வைகாசியில் ஒரு காலைப்பொழுதில், தஞ்சாவூர் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. நானும் அவர் மனைவியும் அருகில் இருந்தோம். வாய்க்கால்கள் காய்ந்து, வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். இருந்தும் அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அன்று கொத்துக்கரண்டியையும் மட்டப்பலகையையும் போட்டுவிட்டு வந்தார்கள்.

அவர்களும் ஜாபரும் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து வந்து எங்கள் தெருமுனையில் கட்டினார்கள். தம்பியின் சிரித்த முகம். கீழே பெயர். பெயருக்குப் பின்னால் பெரிய எழுத்தில் பி.இ. என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. அன்று எதையும் சரிசெய்யும் திராணி எனக்கு இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். தம்பி மனைவியைப் பெண்கள் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தபோது அவர் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணி, அத மாத்தச் சொல்லுங்க."

ஜாபர் அழுதபடியே வந்து என்னிடம் சொன்னார்: "அக்கா, ஒன்னும் படிக்காதவனெல்லாம் பேருக்குப் பின்னால போட்டுக்கறான். இவன் எவ்வளவு படிச்சான்னு எனக்குத் தெரியும். இதுகூடப் போடக் கூடாதா?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி மனைவியே சொன்னார்.

"கல்யாணப் பத்திரிகைலயே போட விடலண்ணே."

ஜாபர் எதிர்வீட்டில் ஏணி வாங்கினார். ஒப்பந்தக்காரர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஜாபர் ஏறி, அந்த எழுத்துகளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, தடித்த பேனாவால் டி.சி.இ. என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கீழே நின்றவர்களில் யாரோ, இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். ஜாபர் தாளைப் பிரித்து நேராக ஒட்டினார். அதன் பிறகுதான் தம்பியை எடுத்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் தம்பியைத் தோளைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்ட நடத்துநருக்கு நன்றி. ஓய்வு பெற்ற பிறகும் அவர் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். டயாலிசிஸ் முறையை மாற்றிக் கொடுத்த சிஸ்டருக்கும், யாரென்று தெரியாத ஒருவருக்காகத் தன் முறையை விட்டுக் கொடுத்த அந்த நோயாளிக்கும் நன்றி. கடைசி மாதங்களில் வேலைக்கு வர முடியாதபோதும் தம்பியின் இடத்தில் வேறு ஆளை நியமிக்காமல் வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு நன்றி. ஜாபருக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். எழுதிவிட்டேன். கடைமடை ஊரின் அந்த அம்மா, பட்டுக்கோட்டையில் ஒட்டியிருந்த அஞ்சலிச் சுவரொட்டியில் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, கருமாதியன்று ஒரு பை அரிசியோடு எங்கள் ஊருக்கு வந்தார். அவருக்குத் தம்பியின் பெயர் தெரியாது, சுவரொட்டியில் இருந்ததைப் படிக்கவும் தெரியாது. "மதக இடிச்ச தம்பி வீடு எது?" என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். அவருக்கு எங்கள் வணக்கம்.

தம்பியின் நினைவாக, அவருடன் படித்தவர்கள் ஊரார் உட்கார ஒரு கடப்பாக் கல் போட்டிருக்கிறார்கள். முதலில் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பதிப்பதாகத்தான் சொன்னார்கள். அங்கே வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், தனியாகக் கால் கட்டி அதன் மேல் பதித்திருக்கிறார்கள். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் அது. வருகிறவர்கள் சற்று உட்கார்ந்து போக வேண்டுகிறேன்.

கல் வெட்டியவரும் இந்த மலரை அச்சிட்டவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அட்டையிலும் கல்லிலும் பெயருக்குப் பின்னால் டி.சி.இ. என்று இருப்பதைச் சிலர் பிழை என்று நினைக்கலாம். பிழை அல்ல. மெய்ப்பு நான்தான் பார்த்தேன். அது அவர் முடித்த படிப்பு.

இப்படிக்கு,
அக்கா